கடித்தது எது? காயத்தின் ஆழத்தைப் பேசவைக்கும் முப்பரிமாணப் பதிவு

மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியில், அருவியாறு கடலுடன் கலக்கும் இடத்தை அண்டியுள்ள அரிப்பு, முத்துக்குளிப்பால் உலகறிந்த ஊராகும். ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு எழுப்பிய மாளிகை இன்று கடலரிப்புக்கு இரையாகி இடிபாடாக நிற்கின்றது. அந்த முத்துக்குளிப்புக் காலத்தில் 'கடற்கட்டி' எனப்பட்டவர்கள் இருந்தனர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர்கள் என்று இவர்கள் நம்பப்பட்டனர். கடற்கட்டி கரையில் இல்லாவிட்டால் சுழியோடிகள் நீரில் இறங்க மறுத்தனர். எனவே ஆங்கிலேய அரசாங்கமும் இவர்களுக்கு ஊதியம் வழங்கியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளில் ஐயத்துக்கிடமின்றி உறுதியான சுறாத் தாக்குதல் ஒன்றுக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கின்றார்.

அச்சம் ஒன்று, சான்று வேறொன்று என்பதையே இச்செய்தி உணர்த்துகின்றது. விலங்குக் கடி சம்பந்தப்பட்ட மரணங்களில் இந்த இடைவெளி இன்றும் நீடிக்கின்றது. விலங்கு செய்ததை மனிதன் செய்ததாகக் கருதி நிரபராதியைத் தண்டித்த வழக்குகள் உலகில் உண்டு. மனிதன் செய்ததை விலங்கின் மீது சுமத்தித் தப்பும் வாய்ப்பும் உண்டு. இவ்விரண்டையும் தவிர்க்க உதவும் கருவிகளுள் ஒன்றாகவே காயங்களின் முப்பரிமாணப் பதிவு சட்ட மருத்துவத்தில் இடம்பெற்று வருகின்றது. அது யாது, எமது பிரதேசத்துக்கு அது ஏன் வேண்டும், அதனால் எதைச் செய்ய முடியாது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

எமது கரையின் நிலைமை

அரிப்புக்குத் தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் உள்ளன. அவற்றுக்கு அப்பால் மோதரகம் ஆற்றைக் கடந்தால் சிறுத்தைக்கும் கரடிக்கும் பெயர் பெற்ற வில்பத்து வனம். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் போரால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் 2009 இன் பின்னர் மீளத் திரும்பியபோது, பல இடங்களில் அவர்களின் காணிகள் காடு மண்டிக் கிடந்தன. குளங்களிலும் ஆற்றிலும் முதலை, காட்டோரத்தில் கரடி, தெருவில் கட்டாக்காலி நாய், கடலில் சுறா என்று விலங்குகளின் அண்மையிலேயே இம்மக்களின் பிழைப்பு நடைபெறுகின்றது.

இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கடலில் இறந்தவரின் சடலம் சில நாட்களின் பின்னரே பெரும்பாலும் கரையொதுங்குகின்றது. அதற்குள் மீன்களும் நண்டுகளும் இதழ், இமை, காது போன்ற மென்மையான பகுதிகளைத் தின்றுவிடுகின்றன. கரையில் கிடக்கும் சடலத்தை நாயும் கபறக்கொய்யாவும் சிதைக்கக்கூடும். பாறையில் மோதுவதாலும் படகு இயந்திரத்தின் சுழல்விசிறி வெட்டுவதாலும் வேறு காயங்கள் உண்டாகின்றன. அவ்வாறான ஓர் உடலைப் பார்க்கும் உறவினர் மனதில் முதலில் எழுவது, யாரோ சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள் என்ற ஐயமே. காணாமற்போனவர்களைத் தேடும் குடும்பங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதற்கு உரிய பதில், மீளவும் பரிசோதித்துப் பார்க்கக்கூடிய சான்று மட்டுமே.

பல் எழுதும் எழுத்து

ஒவ்வொரு விலங்கினமும் தனது பல்லமைப்புக்கேற்ற தடத்தை விட்டுச் செல்கின்றது. நாய்க்கு 42 பற்கள் உண்டு. அதன் நீண்ட கோரைப் பற்கள் தோலில் துளையிட்டுப் பிடித்துக்கொள்ள, ஏனைய பற்கள் தசையைக் கிழிக்கின்றன. எனவே துளையும் அதனருகே கிழிசலும் சேர்ந்திருப்பது நாய்க்கடியின் பொதுவான அடையாளமாகும். பூனைக் குடும்பத்தின் கோரைப் பல் ஒடுங்கி ஆழமாக இறங்கும். சிறுத்தை பெரும்பாலும் கழுத்தையும் தலையையும் பற்றும். கரடி பல்லுடன் நகத்தையும் பயன்படுத்தி முகத்தையும் தலையையும் குதறும். முதலையின் கூம்பு வடிவப் பற்கள் மெல்லுவதற்கானவை அல்ல. அது பற்றிக்கொண்டு உடலைச் சுழற்றுவதால் உறுப்புகள் முறுக்குண்டு கிழிபடும். சுறாவின் கடி பிறை வடிவில் அமையும். பல இனங்களின் பல்விளிம்பு வாள் போல் அரமுடையதாதலால் எலும்பிலும் கோடுகள் பதியும், சில வேளைகளில் உடைந்த பல்துண்டு காயத்தினுள்ளேயே தங்கிவிடும். எலி எலும்பில் இணையான பள்ளக் கோடுகளை விடும்.

வாசிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த எழுத்து, நடைமுறையில் அவ்வளவு எளிதானதன்று. துளைக்காயம் கத்திக் குத்துப்போலத் தோன்றும். நாயினத்தின் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போலவே வெட்டவல்லவை. உயிருடன் இருக்கும்போது ஏற்பட்ட காயத்தில் இரத்தம் இழையங்களுக்குள் கசிந்திருக்கும், இறந்த பின் ஏற்பட்டதில் அவ்வாறு இராது என்பது பொது விதி. ஆனால் நீரில் கிடந்த உடலில் இரத்தம் கழுவுண்டு போவதால் அந்த விதியும் மங்கலாகிவிடுகின்றது.

மூன்று வழக்குகள், ஒரு பாடம்

முதலாவது வழக்கு அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1980 ஓகஸ்டில், உலூரு பாறையருகே முகாமிட்டிருந்த குடும்பமொன்றின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமற்போனது. டிங்கோ எனும் காட்டுநாய் தூக்கிச் சென்றதாகத் தாயார் லிண்டி சேம்பர்லேன் கூறினார். குழந்தையின் உடையிலிருந்த வெட்டுகள் பல்லால் அல்ல, கத்தரிக்கோலால் ஆனவை என்று நிபுணர்கள் சாட்சியமளித்தனர். 1982 இல் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1986 இல் குழந்தையின் மேலங்கி டிங்கோக்கள் நடமாடும் பகுதியில் கண்டெடுக்கப்பட்டதையடுத்து அவர் விடுவிக்கப்பட்டார். 1988 இல் தீர்ப்பு இரத்தாயிற்று. மரணத்துக்குக் காரணம் டிங்கோவே என்று மரண விசாரணை நீதிமன்றம் அறிவித்தது 2012 இல். உண்மை வெளிவர 32 ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது வழக்கு, எம்மவர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்தது. 1997 இல் கிங்ஸ்ரன் நகரில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டின் நிலக்கீழ் அறையில் இறந்து கிடந்தாள். உடலில் ஏராளமான காயங்கள். அவை கூரிய ஆயுதத்தால் குத்தப்பட்டவை என்றார் சிறுவர் மரணங்களை ஆராய்வதில் புகழ்பெற்றிருந்த நோயியல் நிபுணர் சார்ள்ஸ் ஸ்மித். தாய்மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. அந்த வீட்டில் பிற்புல் இன நாய் இருந்தது. 1999 இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டு மீளாய்வு செய்யப்பட்டது. அவற்றுள் நாய்க்கடிக் காயங்கள் இருப்பதை வேறு நிபுணர்கள் எடுத்துக்காட்டினர். 2001 ஜனவரியில் வழக்கு மீளப்பெறப்பட்டது. ஸ்மித் சம்பந்தப்பட்ட 45 வழக்குகளை மீளாய்வு செய்தபோது 20 இல் அவரது முடிவுகள் கேள்விக்குரியவையாகக் காணப்பட்டன. நீதியரசர் ஸ்ரீபன் கூட்ஜ் தலைமையிலான ஆணைக்குழு 2008 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை, அம்மாகாணத்தின் சட்ட மருத்துவ முறையையே மாற்றியமைத்தது.

மூன்றாவது, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில வழக்கு. 1992 இல் மூன்று வயதுக் குழந்தையின் உடல் நீரோடையிலிருந்து மீட்கப்பட்டது. உடலிலிருந்த 19 தடங்கள் சந்தேகநபரின் பற்களால் ஆனவை என்று பல் வைத்தியர் ஒருவர் சாட்சியமளித்தார். அவை நீரிலும் கரையிலும் உள்ள சிற்றுயிர்களால் இறப்பின் பின் ஏற்பட்டவை என்று எதிர்த்தரப்பு நிபுணர் கூறியது எடுபடவில்லை. 1995 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரபணுச் சோதனை உண்மைக் குற்றவாளியை அடையாளம் காட்டியதால், 2008 இல் அவர் முழுமையாக விடுவிக்கப்பட்டார்.

மூன்று வழக்குகளிலும் தவறு ஒரே இடத்தில்தான் நேர்ந்தது. காயமோ தடமோ ஒருவரின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியதோ அதுவே சான்றாகிவிட்டது. தட்டையான படங்களும் எழுத்துக் குறிப்பும் மட்டும் எஞ்சும்போது, உடல் புதைக்கப்பட்ட பின் காயத்தின் ஆழத்தையும் சாய்வையும் வேறொருவர் புதிதாக அளந்து பார்க்க வழியில்லாமல் போகின்றது. கனடா வழக்கில் அதற்காகவே ஒரு குழந்தையின் உடலை மீண்டும் தோண்ட நேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

முப்பரிமாணப் பதிவு எவ்வாறு செயற்படுகின்றது?

சாதாரண ஒளிப்படம் நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே காட்டும். தோளோ தொடையோ வளைவானதாதலால் படத்தில் அந்த நீள அகலங்கள்கூடத் திரிபடைகின்றன. முப்பரிமாணப் பதிவு ஆழத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றது. இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, ஒளிப்பட அளவியல். ஒரே காயத்தைப் பல கோணங்களிலிருந்து, ஒரு படம் அடுத்த படத்துடன் பெருமளவு மேற்படியும் வகையில் எடுக்க வேண்டும். எல்லாப் படங்களிலும் உள்ள பொதுப் புள்ளிகளைக் கணினி இனங்கண்டு, நமது இரு கண்களும் தூரத்தை உணர்வதைப் போலக் கணித்து, காயத்தின் உருவத்தை அமைக்கின்றது. இரண்டு, மேற்பரப்பு வருடி. இது ஒளிக்கோடுகளை உடலின் மீது வீழ்த்தி, அவை வளையும் விதத்திலிருந்து மேடு பள்ளங்களை அளக்கின்றது. மூன்று, சி.ரி. ஸ்கேன். இது தோலுக்கடியில் உள்ளதைக் காட்டும். எலும்பில் பதிந்த பல்தடம், உடைந்து தங்கிய பல்துண்டு, துளை செல்லும் திசை ஆகியன இதில் தெரியவரும்.

இவற்றை ஒன்றிணைப்பதில் முன்னோடியாக விளங்கியது சுவிற்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகச் சட்ட மருத்துவ நிறுவனமாகும். ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர், மைக்கல் தாலி ஆகியோரின் குழு அங்கு உருவாக்கிய 'வேர்ட்டொப்சி' எனும் மெய்நிகர்ப் பிரேத பரிசோதனைத் திட்டத்தின் முதல் ஆய்வு முடிவுகள் 2003 இல் வெளிவந்தன. கடித்தடத்தை முப்பரிமாணத்தில் பதிந்து பல்லின் முப்பரிமாண உருவுடன் பொருத்திப் பார்க்கும் முறையையும் அதே ஆண்டில் அக்குழு விளக்கியது. சந்தேகத்துக்குரிய விலங்கின் தாடையை அச்செடுத்து வருடி, கோரைப் பற்களின் இடைத்தூரம், பல்வரிசையின் வளைவு, ஒவ்வொரு பல்லும் இறங்கக்கூடிய ஆழம் ஆகியவற்றைக் காயத்துடன் கணினியில் ஒப்பிடுவதே அதன் சாரம். பல் அந்தத் துளையில் எந்தக் கோணத்திலும் பொருந்தவில்லையெனில், அந்த விலங்கை விலக்கிவிடலாம். கரையொதுங்கிய சடலத்தில் சம இடைவெளியில் ஒரே வளைவுடைய வெட்டுகள் காணப்பட்டால், அவை சுறாவின் பல்லா படகின் சுழல்விசிறியா என்பதையும் இவ்வாறே அளந்து பார்க்கலாம்.

எதைச் செய்ய முடியாது?

புதிய கருவியைக் கண்டு மயங்குவதும் ஆபத்தே. மனிதத் தோல் மெழுகன்று. கடிக்கும்போது அது இழுபடுகின்றது, பின்னர் வீங்குகின்றது, இறந்த பின் சுருங்குகின்றது. திரிபடைந்த தடத்தை எவ்வளவு நுட்பமாகப் பதிந்தாலும் அது திரிபின் நுட்பமான பதிவாகவே இருக்கும். கடித்தடத்தைக் கொண்டு கடித்தவர் இன்னாரெனத் தனியாளாக இனங்காணும் முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2009 இல் சுட்டிக்காட்டியது. அந்நாட்டின் தேசிய தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமும் 2023 இல் அதையே உறுதிப்படுத்தியது. அவ்வாய்வுகள் மனிதப் பற்களைப் பற்றியவை. எனினும் தோல் ஒன்றே என்பதால் எச்சரிக்கை விலங்குக்கும் பொருந்தும்.

எனவே நாயினமா, பூனையினமா, முதலையா, ஆயுதமா என்று வகை பிரிப்பதற்கும், பொருந்தாததை விலக்குவதற்கும் இப்பதிவு துணை நிற்கும். 'இந்த நாய்தான்' என்று சொல்ல வேண்டுமாயின், காயத்திலும் உடையிலும் படிந்த உமிழ்நீரின் மரபணு, விலங்கின் வாயிலும் நகத்திலும் உள்ள தடயம், சம்பவ இடத்தின் அடிச்சுவடு ஆகியவையும் சேர வேண்டும். கணினித் திரையில் சுழலும் வண்ண உருவம் நீதிமன்றத்தை எளிதில் கவரும். அதனாலேயே அதன் அளவீட்டுப் பிழையின் எல்லையையும் நிபுணர் கூடவே சொல்லக் கடமைப்பட்டுள்ளார்.

கடியுண்டு உயிர் பிழைத்தவர்கள் விடயத்தில் ஒரு விதிக்கு விலக்கே கிடையாது. விசர்நோய் அபாயம் உள்ளதால் காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கழுவினால் தடயம் அழியும் என்று எவரும் காத்திருக்கலாகாது. உயிரே முதன்மையானது. உடையைக் கழுவாமல் காகிதப் பையில் பத்திரப்படுத்துவதும், கழுவிய பின் அளவுகோலுடன் படமெடுப்பதும் போதுமானவை.

உடலின் கண்ணியமும் உறவினரின் உரிமையும்

இவ்விடயம் எமது வாசகர்களுக்கு நெருக்கமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வதும், இறந்தவரின் உடலுக்கும் உயிருள்ளவருக்குரிய கண்ணியத்தை வழங்குவதும் இஸ்லாமிய மரபு. திடீர் மரணம் நேரும்போது மரண விசாரணை அதிகாரி, நீதிவான், சட்ட வைத்திய அதிகாரி என்ற நிலைகளைக் கடந்து உடல் கையளிக்கப்படும் வரை முஸ்லிம் குடும்பங்கள் படும் வேதனை யாவரும் அறிந்தது. தமிழ்க் குடும்பங்களும், இந்துக்களாயினும் கத்தோலிக்கராயினும், தமது பிள்ளையின் உடல் வெட்டப்படுவதை மனமுவந்து ஏற்பதில்லை. 2020 இல் கொவிட் தொற்றால் இறந்தோர் அனைவரையும் தகனம் செய்ய வேண்டுமென்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியதும், 2021 பெப்ரவரியிலேயே அது நீக்கப்பட்டதும், உடல் பற்றிய அதிகாரபூர்வ முடிவுகளின் மீது ஆழமான காயத்தை ஏற்படுத்திச் சென்றுள்ளன.

மெய்நிகர்ப் பரிசோதனை எல்லா வேளைகளிலும் கத்திக்கு மாற்றாகாது. நஞ்சு, மென்மையான உறுப்புகளின் நோய் போன்றவற்றுக்கு மரபுவழிப் பரிசோதனை தேவைப்படலாம். எனினும் வெட்டுவதைக் குறைக்கவும், எங்கு வெட்ட வேண்டுமென முன்னரே தீர்மானிக்கவும் அது உதவும். இந்தியாவில் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் 2021 மார்ச்சில் இதற்கென ஒரு மையத்தைத் திறந்தது. முப்பரிமாணப் பதிவு கையில் இருந்தால், உடலை உறவினரிடம் ஒப்படைத்த பின்னரும் காயத்தை மீளாய்வு செய்யலாம். அடக்கம் முடிந்த பின் எழும் ஐயத்துக்காகக் கப்றைத் தோண்ட வேண்டிய அவலமும் பெருமளவு குறையும்.

மன்னார் நகரில் சதொச கட்டட வளாகத்தில் 2018 இல் வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காலக்கணிப்பு அறிக்கை 2019 மார்ச்சில் வெளியானபோதும், அது பற்றிய வாதங்கள் ஓயவில்லை. எந்தப் புதைகுழியிலும் எலும்பிலுள்ள ஒவ்வொரு கீறலும் ஒரு கேள்வியே. அது ஆயுதமா, எலியா, நாயா, அகழ்ந்தவர்களின் கருவியா? எலும்பின் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் பதிந்து வைத்தால், சுயாதீன நிபுணர்கள் வேறு நாட்டிலிருந்தும் அதைப் பார்த்துக் கருத்துக் கூறலாம். நம்பிக்கை குன்றிய சமூகத்தில் இது சிறிய நன்மையன்று.

செய்யத்தக்கது என்ன?

விலையுயர்ந்த இயந்திரம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒளிப்பட அளவியலுக்குத் தேவையானவை நல்லதொரு கமரா, 'எல்' வடிவ அளவுகோல், நிழல் விழாத சீரான வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒருவர் ஆகியவையே. படங்களை இணைக்கும் மென்பொருட்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. உடலைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும், காயத்தைச் சுற்றிலும் பல படங்களை மேற்படியுமாறு எடுத்து, மூலக் கோப்புகளை மாற்றாமல் பாதுகாத்தால் பின்னர் எந்த ஆய்வுகூடத்திலும் உருவமைத்துக்கொள்ளலாம். கணினிவழிச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழிவகுத்துள்ளது.

மாவட்ட வைத்தியசாலைகளின் சட்ட மருத்துவப் பிரிவுகளுக்கு இப்பயிற்சியை வழங்குவதும், கரையொதுங்கும் சடலங்களுக்கு இதனைக் கட்டாய நடைமுறையாக்குவதும், அறிக்கையின் முடிவை உறவினருக்கு அவர்களின் தாய்மொழியில் விளக்குவதும் சுகாதார, நீதி அமைச்சுகளின் பொறுப்பாகும். மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிருவாகங்களும் இதனைக் கோரலாம், கோரவும் வேண்டும்.

முற்காலத்தில் அரிப்புக் கரையில் சுழியோடியின் அச்சத்தைத் தணிக்க மந்திரம் போதுமாயிருந்தது. இன்று இறந்தவரின் உறவினர் கேட்பது, தமது பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அளந்து காட்டக்கூடிய ஒரு விடை. அதனை வழங்குவதற்கான அறிவு உலகில் உள்ளது. எமது கரைக்கும் அது வந்து சேர வேண்டும்.